மிட்டாய்க் கோபுரம்

மேஜைமேல் 20 ஸ்பாகெட்டிக் குச்சிகள். நம் சேமியாவுக்கு அண்ணன் முறை. தொட்டால் 'படக்'கென்று ஒடியும். கூடவே ஒரு கஜம் நூல், ஒரு கஜம் ஒட்டு நாடா, மார்ஷ்மாலோ என்ற மெத்தென்ற மிட்டாய் ஒன்று. நாலு பேர் சேர்ந்து 18 நிமிஷத்துக்குள் கோபுரம் எழுப்பி, உச்சியில் மிட்டாயைக் கலசமாக வைக்க வேண்டும்.

கட்டுகிறவர்கள் குழந்தைகள் அல்ல. புதிதாக வேலைக்கு வந்த டாக்டர்கள்! மேல்நாடுகளில் அவர்களுடைய பயிற்சி வகுப்புகளிலும் இந்த விளையாட்டு புகுந்துவிட்டது.

"உயிர் காக்கப் படித்தவர்களுக்கு விளையாட்டு எதற்கு?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள்.

2005-ஆம் ஆண்டு. விமானி மார்ட்டின் புரோமிலியின் மனைவி எலைன், சைனஸ் கோளாறுக்காகச் சாதாரண ஆபரேஷனுக்குப் போனார். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுப் பாதை அடைத்துக்கொண்டது. அனுபவசாலி டாக்டர்கள்தாம், வாய் வழியே குழாயைச் செலுத்த மீண்டும் மீண்டும் முயன்றார்கள். கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யும் கருவிகளை ஒரு நர்ஸ் கொண்டுவந்தும் விட்டார். ஆனால் டாக்டர்களின் கவனம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. 13 நாட்களில் எலைன் இறந்துபோனார்.

கருவி இருந்தது, படிப்பும் இருந்தது. சிறியவர் உரக்கச் சொல்லவும், பெரியவர் காதில் வாங்கவும் பழக்கந்தான் இல்லை. விமானிகளுக்கு அதில் தனிப் பயிற்சியே உண்டு. ஆஸ்பத்திரிக்கும் அது வேண்டுமென்று புரோமிலி 2007-ல் ஒரு சங்கம் தொடங்கினார்.

மிட்டாய்க் கோபுரம் கற்றுத் தருவதும் அதுதான். பல கோஷ்டிகள் கடைசி நிமிஷம்வரை கோபுரத்தைச் சிங்காரித்துவிட்டு, மிட்டாயை வைத்ததும் 'பொத்'தென்று சாயவிடுகின்றன. "முன்னாலேயே வைத்துப் பார்ப்போமே?" என்று ஒருவர் சொல்லி, மற்றவர் கேட்டால் கோபுரம் பிழைக்கும். பாலர் வகுப்புப் பிள்ளைகள் வாணிபப் பட்டதாரிகளைத் தோற்கடிப்பது இதில்தான். யார் தலைவர் என்ற போட்டி அவர்களிடம் இல்லை!

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஆபரேஷனுக்கென்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. கத்தி வைக்குமுன் எல்லோரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒன்று. 8 நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் பட்டியலைச் சோதித்தபோது, நோயாளிகளின் சாவு நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகக் குறைந்தது.

ஒரு மணி நேரம் விளையாடினால் ஒட்டுறவு வந்துவிடுமா? பெரிய டாக்டரும் கூட உட்கார்ந்து, கோபுரம் சாய்கையில் சேர்ந்து சிரித்தால் வரும். அப்படிச் சிரித்தவரிடம், நள்ளிரவில் "எனக்குப் புரியவில்லை, கொஞ்சம் வந்து பாருங்கள்" என்று போன் செய்யப் புது டாக்டர் தயங்கமாட்டார்.

நோயாளிக்கு வேண்டியது அந்த ஒரு போன்தானே!