வெயிலில் விளையும் எரிபொருள் – 6: ஆக்சிஜன் எங்கே?

ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடின் மீது ஒளி பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்த 1972ஆம் ஆண்டுச் சோதனையைச் சென்ற வாரம் பார்த்தோம். ஏழே ஆண்டுகளில் அவர்கள் இருவரும் இடம்பெற்ற குழு அடுத்த படிக்கு ஏறியது. குறைகடத்திப் பொடிகளைத் தண்ணீரில் கலந்து, கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி ஒளியூட்டியபோது ஃபார்மிக் அமிலமும் மெத்தனாலும் கிடைத்தன. அன்றிலிருந்து புதுப்புது ஒளிவினையூக்கிகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் ஒரு வினையூக்கி தேறியதா என்பதை அது தரும் எரிபொருளின் அளவு சொல்லிவிடாது. கூடவே வெளிவரும் ஆக்சிஜன்தான் சொல்லும்.

காரணம் எளிது. ஒளி பட்டதும் குறைகடத்தியில் ஓர் எலெக்ட்ரான் மேலெழும். அது இருந்த இடம் காலியாகும். மேலெழுந்தது கார்பன் டை ஆக்சைடுக்குப் போக, காலியிடத்தைத் தண்ணீரின் எலெக்ட்ரான் நிரப்ப வேண்டும். அப்போது ஆக்சிஜன் பிறக்கும்: ஒரு மூலக்கூறு மீத்தேனுக்கு இரண்டு மூலக்கூறு ஆக்சிஜன். வினையின் இந்தத் தண்ணீர்ப் பாதி நடக்காவிட்டால் வினையூக்கி தன்னையே அரித்துக்கொள்ளவும் கூடும். டைட்டானியம் டை ஆக்சைடு உறுதியானது, ஆனால் பெரும்பாலும் புற ஊதாக் கதிரையே உறிஞ்சும்; அது சூரிய ஆற்றலில் சுமார் 5 சதவீதம்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் உறிஞ்சும் காட்மியம் சல்ஃபைடிலோ, அந்தக் காலியிடங்கள் அதன் சல்ஃபைடையே தின்றுவிடுகின்றன.

இதைத் தவிர்க்கப் பலர் டிரைஎத்தனாலமின் போன்ற வேதிப்பொருளைச் சேர்த்து எலெக்ட்ரானை இனாமாகக் கொடுக்கிறார்கள். எரிபொருள் கூடுகிறது, ஆனால் கூடவே ஒரு விலையுள்ள பொருள் கரைகிறது. செலவுப் பக்கத்தைக் கிழித்துவிட்ட கணக்குப் புத்தகம் இது. கார்பன் எங்கிருந்து வந்தது என்பதிலும் இதே ஐயம் உண்டு. 2010இல் கைடோ முல் என்ற ஆய்வாளரின் குழுவினர் கார்பன்-13 கொண்ட கார்பன் டை ஆக்சைடைத் தாமிரம் சேர்த்த டைட்டானியம் டை ஆக்சைடின் மீது செலுத்தினர். வந்த கார்பன் மோனாக்சைடில் பெரும்பகுதி சாதாரண கார்பன்-12 ஆகவே இருந்தது. வினையூக்கியைத் தயாரித்தபோது அதில் ஒட்டி நின்ற கரிம எச்சங்களும் விளைபொருளுக்குப் பங்களித்தன என்பது அம்பலமானது.

வினையின் ஒரு பாதியை மட்டும் தனியே ஆராய, எலெக்ட்ரான் தரும் அந்த வேதிப்பொருள் உதவாதா? உதவும், ஆராய்ச்சிக்கு அது நியாயமான கருவியே. அதை எரிபொருள் உற்பத்தி என்று அறிவிப்பதுதான் தவறு. விளைபொருள் மைக்ரோமோல் அளவிலேயே இருக்க, கசியும் காற்று ஆக்சிஜன் அளவைக் குழப்பாதா? குழப்பும், தண்ணீரிலிருந்து வந்த ஆக்சிஜனைப் பிரித்தறியத்தான் ஆக்சிஜன்-18 கொண்ட தண்ணீர் இருக்கிறது. சூரியத் தகட்டில் மின்சாரம் எடுத்து மின்பகுப்பு செய்தால் திறன் கூடுதலாயிற்றே என்பார்கள். உண்மைதான், ஆனால் பொடியின் வலு அதன் எளிமையில் இருக்கிறது. 2021இல் டோமென் என்ற ஆய்வாளரின் குழு 100 சதுர மீட்டர் பரப்பில் பொடித் தகடுகளை வெயிலில் வைத்துத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தது. உச்சத் திறன் 0.76 சதவீதமே என்றாலும், தண்ணீர்ப் பாதியைப் பொடியே திறந்தவெளியில் செய்து முடிக்கும் என்பதற்கு அது சான்று.

ஆகவே வடிவமைப்பு தொடங்க வேண்டிய இடம் தண்ணீர்ப் பாதி. அங்கே நிலைத்து நிற்கும் பொருளைக் கண்டுபிடித்துவிட்டு, பிறகு கார்பன் டை ஆக்சைடைப் பற்றும் உலோகத் துகளை அதன் மேல் ஏற்றுவதே சரியான வரிசை.

(தொடரும்)