இரண்டு ரிக்‌ஷாவும் மூன்று பொய் வழக்கும்

1971-இல் தமிழ் சினிமாவின் இரண்டு பெரிய நடிகர்களும் ரிக்‌ஷா ஓட்டினார்கள். மே மாதம் வந்த ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்தில் எம்.ஜி.ஆர். சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தார். தீபாவளிக்கு வந்த ‘பாபு’வில் சிவாஜி கை ரிக்‌ஷா இழுத்தார். முன்னவர் வண்டியில் உட்கார்ந்தபடியே கம்பு சுழற்றி அடியாட்களைச் சாய்த்தார். பின்னவர் ஒருவேளைச் சோறு போட்ட வீட்டுக்கு நன்றியாக அந்த வீட்டுப் பெண்ணைத் தன் உழைப்பில் படிக்கவைத்து, உடம்பு உருக்குலைந்து போனார். அடுத்த ஆண்டு தில்லியிலிருந்து சேதி வந்தது. சிறந்த நடிகருக்கான தேசிய விருதான ‘பாரத்’ எம்.ஜி.ஆருக்கு. தமிழ் நடிகர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல் தடவை.

தமிழ்நாடு பூராவும் இதற்காக மல்லுக்கட்டியது என்றாலும் விழுப்புரத்தில் கொஞ்சம் உறைப்பு அதிகம். சிவாஜி பிறந்த ஊர் அது. அப்பா சின்னையா மன்றாயருக்கு ரயில்வேயில் வேலை. 1928 அக்டோபர் முதல் தேதி விழுப்புரத்தில் பிறந்த பிள்ளை அவர். குடும்பம் சீக்கிரமே திருச்சிப் பக்கம் போய்விட்டதெல்லாம் ஊர்க்காரர்களுக்குக் கணக்கில்லை. மண்ணின் மைந்தனுக்குக் கிடைக்காததை இன்னொருவர் வாங்கினால் விட முடியுமா? ஆனால் அதே ஊரில் எம்.ஜி.ஆர். மன்றங்களும் இருந்தன. அந்தக் காலத்துச் சண்டையைப் பெரியவர்கள் நடித்தே காட்டுவார்கள்.

“ரௌடிய அடிக்கறதுக்கு அவார்டாய்யா? பாபுவப் போய்ப் பாரு. அழாம வெளிய வந்தீன்னா நான் மீசைய எடுத்துக்கறேன்.”

“அழ வெச்சாத்தான் நடிப்பா? எங்க வாத்தியார் வந்து நின்னாலே போதும்ய்யா.”

இதில் அரசியலும் கலந்திருந்தது. 1971 தேர்தலில் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் கூட்டணி. எம்.ஜி.ஆர். அப்போது தி.மு.க.வில் இருந்தார், சிவாஜி காமராஜரோடு பழைய காங்கிரசில் இருந்தார். கூட்டணிக் கணக்கில் கொடுத்த விருது என்று சிவாஜி ரசிகர்கள் சொன்னார்கள், இன்றுவரை சொல்கிறார்கள். அவர்கள் கையில் வேறு துருப்புகளும் உண்டு. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காக 1960-இல் கெய்ரோவில் ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவே சிவாஜியைச் சிறந்த நடிகர் என்றது. தேசிய விருதில் நடிகருக்கென்று பரிசு வைத்ததே 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். ‘பாசமலர்’, ‘நவராத்திரி’, ‘திருவிளையாடல்’ எல்லாம் அதற்கு முன்பே வந்துபோய்விட்டன. 1968-இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ தமிழின் சிறந்த படமாகத் தேர்வானது; சிறந்த நடிகர் அசோக் குமார். 1969-இல் மூன்று வேடத்தில் ‘தெய்வமகன்’, ஆஸ்கருக்கும் அனுப்பினார்கள். இங்கே சிறந்த நடிகர் உத்பல் தத். அந்த வங்காளி நடித்த ‘புவன் ஷோம்’ நம் ஊர்க் கொட்டகைப் பக்கம் வந்திருக்கப்போவதில்லை. ரசிகர்கள் ஒப்பிட்டுப் பார்க்காமலே தீர்ப்பு எழுதினார்கள். எழுதியவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது வேறொன்று. 1971-இன் சிறந்த படத்துக்கான விருது சத்யஜித் ராயின் ‘சீமாபத்தா’வுக்குப் போனது. அந்த உச்ச விருதைப் பற்றி விழுப்புரத்தில் யாரும் ஒரு டீயைக்கூட ஆறவிட்டிருக்க மாட்டார்கள். எது சிறந்த படம் என்பது அன்றைக்குக் கேள்வியே இல்லை. எவர் பெரியவர் என்பதுதான் கேள்வி. சுற்றுப்பட்டு ஊர்களில் டூரிங் டாக்கீசுக்குப் படம் வருவதற்கே மாதக்கணக்கில் ஆகும். ‘பேசும் படம்’, ‘பொம்மை’ இதழ்களில் வந்த ஸ்டில்லை வைத்துக்கொண்டே நடிப்புக்கு மார்க் போட்டவர்களும் உண்டு.

இந்தச் சண்டையில் ஒரு தரப்பு மட்டும் வாய் திறக்கவில்லை: ரிக்‌ஷாக்காரர்கள். ரசிகர்களாக இருந்திருப்பார்கள், கொடி கட்டியிருப்பார்கள். ஆனால் இருவரில் யார் வண்டியை ஒழுங்காக இழுத்தார் என்று அவர்களைக் கேட்டதாக எவர் சொல்லியும் நான் கேள்விப்படவில்லை. 1973-இல் கருணாநிதி அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்து சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. சினிமா விவாதம் அது பாட்டுக்குத் தனியாக நடந்துகொண்டிருந்தது.

ஐம்பது ஆண்டு தள்ளி வருவோம். 2023 ஆகஸ்ட் 24 அன்று 69-ஆவது தேசிய விருதுகளை அறிவித்தார்கள். 2021-இல் தணிக்கையான படங்களுக்கானவை இவை. சிறந்த படம் மாதவன் இயக்கிய ‘ராக்கெட்ரி’. சிறந்த தமிழ்ப் படம் மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’. சூர்யா நடித்துத் தயாரித்த, ஞானவேலின் ‘ஜெய் பீம்’ படத்துக்கு ஒன்றுமில்லை. முந்தைய ஆண்டு இதே சூர்யாவின் நிறுவனம் எடுத்த ‘சூரரைப் போற்று’ சிறந்த படம், சிறந்த நடிகர், சிறந்த நடிகை என்று அள்ளிக்கொண்டு வந்திருந்தது. அதற்கு முன் சிறந்த படத்துக்கான தங்கத் தாமரை வாங்கிய தமிழ்ப் படங்கள் ‘மறுபக்கம்’, ‘காஞ்சிவரம்’ இரண்டே.

ஆஸ்கரில் ஐந்து பேர், பத்து பேர் என்று பரிந்துரைப் பட்டியல் போட்டுக் காட்டுவார்கள். தேசிய விருதில் அந்தப் பழக்கம் இல்லை. ஜூரி அறைக்குள் எந்தப் படம் எதுவரை போனது என்று வெளியே தெரியாது. பட்டியலை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அப்படி ‘ராக்கெட்ரி’, ‘கடைசி விவசாயி’, ‘ஜெய் பீம்’ மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்றிலும் இருப்பது பொய் வழக்கு. விஞ்ஞானி நம்பி நாராயணன் மீது 1994-இல் உளவு வழக்கு. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிழவர் மாயாண்டி மீது மயிலைக் கொன்ற வழக்கு. ராஜாக்கண்ணு மீது நகை திருடிய வழக்கு. விஞ்ஞானிக்கு உச்ச நீதிமன்றம் 2018-இல் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ராஜாக்கண்ணு காவல் நிலையத்திலிருந்து உயிரோடு வரவில்லை.

ராஜாக்கண்ணு கதையின் நிஜம் 1993 மார்ச்சில் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்தது. அன்று அதுவும் விழுப்புரமும் ஒரே தென்னாற்காடு. விழுப்புரம் தனி மாவட்டமானது அந்த ஆண்டு செப்டம்பரில்தான். எனவே இந்த முறை சண்டை நடிகரின் பிறந்த ஊருக்காக இல்லை. படத்தில் எலி பிடிப்பவர்கள், செங்கல் சூளையில் வேலை செய்பவர்கள், சாதிச் சான்றிதழுக்கு அலைபவர்கள் இந்த ஊர்களின் ஓரத்தில் இருப்பவர்கள். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இருப்பது திண்டிவனத்தில். கல்லூரிப் பேராசிரியராக இருந்த பிரபா. கல்விமணி அதை நடத்திவருகிறார்; ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளி தொடங்கியவரும் அவர்தான். படம் வெளியாவதற்கு முதல் நாள், 2021 நவம்பர் 1 அன்று, முதல்வர் முன்னிலையில் சூர்யா தரப்பு ஒரு கோடி ரூபாயைப் பழங்குடி இருளர் கல்வி அறக்கட்டளைக்குக் கொடுத்தது.

எதிர்ப்பும் திண்டிவனத்துப் பக்கத்திலிருந்தே வந்தது. பா.ம.க. நிறுவனர் ராமதாஸின் தைலாபுரம் அந்த வட்டாரம்தான். படத்தில் சித்திரவதை செய்யும் சப்-இன்ஸ்பெக்டரின் வீட்டுக் காலண்டரில் வன்னியர் சங்கத்தின் அக்னி கலசம் தெரிந்தது. ராமதாஸின் மகன் அன்புமணி கேள்விகளோடு சூர்யாவுக்குக் கடிதம் எழுதினார், சூர்யா பதில் எழுதினார், காட்சி மாற்றப்பட்டது, இயக்குநர் வருத்தம் தெரிவித்தார். இன்னொரு கேள்வியும் வந்தது. நிஜ ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர், படம் அவரை ஏன் இருளராக்கியது? எனக்கு இதுதான் கனமான கேள்வியாகத் தோன்றுகிறது. காலண்டரை மாற்றிவிடலாம், இதை எப்படி மாற்றுவது?

விருது வராதபோது வாட்ஸப் ஸ்டேட்டசிலும் யூடியூப் விமர்சனங்களுக்கு அடியிலும் இத்தனையும் திரும்ப ஓடின. தெலுங்கு நடிகர் நானி வரை வருத்தப்பட்டார். பழைய கூட்டணிக் கணக்கு புது வடிவத்தில் வந்தது: தில்லிக்குப் பிடிக்காத பெயர் வைத்த படம் என்றார்கள். இதற்கும் கூட்டணிக் குற்றச்சாட்டுக்கு இருந்த அளவுதான் ஆதாரம் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம் பெரிது. ‘ஜெய் பீம்’ தியேட்டரில் ஓடவில்லை, நேராக அமேசானில் வந்தது. பேனர் கிடையாது, முதல் நாள் கூட்டம் கிடையாது, நூறாவது நாள் கேடயம் கிடையாது. வெற்றி என்று எடுத்துக் காட்ட ரசிகர்களுக்கு மிச்சமிருந்தது விருது ஒன்றுதான். அதனால்தான் அவ்வளவு கோபம். இன்னொன்று, படத்துக்குள் இருந்தவர்கள் படத்துக்கு வெளியே பேசினார்கள். சங்கம் பேசியது, குறவர் அமைப்புகள் பேசின, வன்னியர் அமைப்புகள் பேசின. ரிக்‌ஷாக்காரர் பேசாத இடத்தில் இவர்கள் எல்லாரும் பேசினார்கள். சண்டை அசிங்கமாகவும் போனது, உண்மைதான். என்றாலும் 1972-ஐவிட இது எனக்குப் பிடித்த சண்டை.

என்னைக் கேட்டால் தங்கத் தாமரை ‘ஜெய் பீம்’ படத்துக்கும் போயிருக்க வேண்டியதில்லை. செங்கேணியாக வந்த லிஜோமோல் ஜோஸுக்குச் சிறந்த நடிகை விருது தராதது அநியாயம். அந்த விருதை ஆலியா பட்டும் கிருத்தி சனோனும் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் படமாகப் பார்த்தால் ஜெய் பீம் பாதிக்கு மேல் வக்கீல் கதாநாயகனின் தோளில் ஏறிக்கொள்கிறது. ராக்கெட்ரி நேர்மையான படம், ஆனால் கட்டுக்கோப்பு தளர்ந்தது. கடைசி விவசாயியில் எண்பது தாண்டிய நல்லாண்டி, நடிப்பே தெரியாத ஒரு நிஜ விவசாயி, செத்த மயிலைப் புதைத்த குற்றத்துக்கு ரிமாண்டில் போகிறார். அவருக்கு இருக்கும் ஒரே கவலை வயலில் முளைத்த நாற்றுக்கு யார் தண்ணீர் விடுவது என்பது. போலீசுக்கு வழக்கு ஜோடிப்பது எவ்வளவு சாதாரண வேலை என்பதை ஜெய் பீமின் அடியும் உதையும் சொன்னதைவிட அந்தக் காட்சிகள் சிரிக்கவைத்தே சொல்லிவிடுகின்றன. படம் வெளியாகும் முன்பே நல்லாண்டி இறந்துவிட்டார்; அவருக்குச் சிறப்புக் குறிப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். தங்கத் தாமரை அந்தப் படத்துக்குத்தான் என்று விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உசிலம்பட்டியிலோ யாரும் மீசையைப் பந்தயம் வைக்கவில்லை. விஜய் சேதுபதி சின்ன வேடத்தில் வந்துபோனார். கதாநாயகனுக்கு மட்டும் மன்றம் இல்லை.