புதிய வேலையும் வீட்டுக் கடனும்

தோட்ட வேலையை விட்டுப் பட்டணத்துத் தொழிற்சாலையில் சேர விரும்புவோர் முன் எழும் முதற்கேள்வி வீடுதான். தோட்ட வீடு வேலையோடு சேர்ந்தது. வேலையை விட்டால் வீட்டையும் காலி செய்தல் வேண்டும். ஆகவே, புதிய வேலையில் சேருமுன்பே வீட்டுக் கடன் கிடைக்குமா எனப் பலரும் வினவுகின்றனர்.

கிடைக்கலாம், ஆயினும் எளிதன்று. மாதந்தோறும் தவணை செலுத்தும் ஆற்றல் உண்டா என்பதையே வங்கி எடைபோடுகிறது. அதற்குச் சான்றாகப் பொதுவாக மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கறிக்கை, ஊழியர் சேமநிதி அறிக்கை ஆகியவற்றைக் கேட்கும். புதிய வேலைக்கோ நியமனக் கடிதம் ஒன்றே கையில் இருக்கும். சில வங்கிகள் அதனை ஏற்கும். வேறு சில, வேலை நிரந்தரமாகும் வரை காத்திருக்கச் சொல்லும்.

இரண்டு இலட்சம் வெள்ளி வீட்டை எடுத்துக்கொள்வோம். வங்கி 90 விழுக்காடு கொடுத்தால் கடன் 180,000 வெள்ளி. எஞ்சிய 20,000 வெள்ளி நம் பொறுப்பு. வட்டி ஆண்டுக்கு 4 விழுக்காடு, காலம் 35 ஆண்டு எனின், மாதத் தவணை ஏறக்குறைய 797 வெள்ளியாகும். புதிய வேலையின் அடிப்படைச் சம்பளம் இதனைத் தாங்குமா? மிகைநேர ஊதியத்தை நம்பிக் கணக்கிடலாகாது.

விலகப்போவதை மறைத்துப் பழைய சம்பளச் சீட்டுகளை மட்டும் காட்டுவது தகாது. வங்கி முதலாளியிடம் விசாரிக்கக்கூடும். உண்மை வெளிப்பட்டால் அனுமதித்த கடனும் கைநழுவலாம். நியமனக் கடிதத்தையும் உடன்வைத்து விண்ணப்பிப்பதே நேர்மையும் பாதுகாப்பும் ஆகும். பேங்க் நெகாராவின் சிசிரிஸ் கடன் அறிக்கையை முன்கூட்டியே இலவசமாகப் பெற்று, மோட்டார் சைக்கிள் தவணை முதலியவற்றில் பாக்கி இருப்பின் தீர்த்துவிடுவது நலம்.

கடன் உறுதியாகுமுன் ஒப்பந்தத்தில் கையொப்பமிட அவசரப்படலாகாது. மேம்பாட்டாளரிடம் வாங்கும் புதிய வீட்டுக்குரிய சட்டமுறை ஒப்பந்தத்தில், வருமானம் போதாமையால் கடன் கிடைக்கவில்லை எனச் சான்றுடன் மெய்ப்பித்தால், விலையில் 1 விழுக்காடு மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித்தர வேண்டும் என்னும் விதி உண்டு. அந்த ஒரு விழுக்காடும், மேற்கண்ட வீட்டுக்கு, 2,000 வெள்ளியாகும். பழைய வீட்டைத் தனியாரிடம் வாங்குவோர்க்கு இப்பாதுகாப்பு தாமாகக் கிட்டாது. கடன் கிடைக்காவிடில் முன்பணம் திரும்பும் என்பதை வழக்கறிஞர் வாயிலாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளல் வேண்டும்.

வங்கி மறுத்தால் மனந்தளர வேண்டா. சில மாதம் வாடகைக்கு இருந்து, புதிய சம்பளச் சீட்டுகளைச் சேர்த்தபின் மீண்டும் விண்ணப்பிக்கலாம். வங்கியின் எழுத்துமூலமான பதில் கைக்கு வருமுன் தோட்ட வீட்டின் சாவியை ஒப்படைக்க முந்தாதிருப்போமாக.