மடை அடைக்கும் நுரையீரல்

2025 மே மாதம் நான்கு பிரிட்டிஷ்காரர்கள் லண்டனில் கிளம்பி ஒரு வாரத்துக்குள் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். வழக்கமாகப் பல வாரம் பிடிக்கிற ஏற்றம். முன்னதாகச் செனான் வாயுவைச் சுவாசித்ததுதான் ரகசியம் என்று செய்தி பரவியது. பல வாரம் ஆக்சிஜன் குறைந்த கூடாரத்தில் தூங்கிப் பழகியதும், மலையில் சிலிண்டரோடு ஏறியதும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. செனானால் மலையில் பலன் என்பதற்குச் சான்றில்லை என்று சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பின் மருத்துவக் குழு அந்த ஜனவரியிலேயே சொல்லிவிட்டது.

இந்த அவசரத்தில் உண்மையான வில்லன் நுரையீரலுக்குள் இருக்கிறது.

ஆக்சிஜன் குறைந்தால் உடம்பின் மற்ற இடங்களில் ரத்தக் குழாய்கள் விரியும். நுரையீரலில் மட்டும் சுருங்கும். சமவெளியில் இது சாமர்த்தியம். சளி அடைத்த மூலைக்கு ரத்தத்தை அனுப்பி என்ன லாபம்? வயலுக்கு நீர்பாய்ச்சுகிறவரும் இதைத்தான் செய்வார்: தரிசுக்குப் போகும் மடையில் நாலு வெட்டு மண்ணைப் போட்டு அடைத்து, பயிர் நிற்கிற பக்கம் தண்ணீரைத் திருப்புவார்.

5,000 மீட்டரில் அவர் கண்ணுக்கு எல்லா வயலும் தரிசு. மடை மடையாக அடைத்துக்கொண்டே போகிறார். கையில் இருப்பது ஒரே மண்வெட்டி. அடைப்பு எல்லா இடத்திலும் சீராக விழாது. இருதயம் என்கிற மோட்டாரோ ஓய்வதில்லை. திறந்து கிடக்கிற சில வாய்க்கால்களில் மொத்தத் தண்ணீரும் பாய, கரை கசிந்து உடைப்பெடுக்கிறது. (இதற்கு மேல் இழுத்தால் பொதுப்பணித் துறையைக் கூப்பிட வேண்டியிருக்கும்.) கரைக்கு அப்பால் வயல் இல்லை, காற்றறை. தண்ணீரில் கால் வைக்காமலே ஆள் மூழ்கத் தொடங்குகிறார்.

முதலில் வறட்டு இருமல், பெரும்பாலும் இரண்டாம் நாள் இரவு வாக்கில். பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தாலே இரைக்கும். முதுகில் காது வைத்தால் நறநறவென்று சத்தம். முற்றினால் இளஞ்சிவப்பு நுரையாகச் சளி.

வரலாறு கேட்பவர்களுக்கு: இந்த நோயைப் பல காலம் நிமோனியா என்றே எண்ணினார்கள். 1960இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூஸ்டன் இது வேறு என்று எழுதினார். சில ஆண்டுகளில் இமயமலைக்கு அவசரமாக ஏற்றப்பட்ட நம் ராணுவ வீரர்களிடம் இதை நம் மருத்துவர்களே விரிவாகப் பதிவு செய்தார்கள். மடை திறக்க உதவும் மாத்திரை நிஃபெடிபைன், பழைய ரத்த அழுத்த மருந்துதான்.

இதற்கு எவரெஸ்ட் தேவையில்லை. 2,500 மீட்டருக்கு மேல் எங்கும் வரலாம். ஊட்டிக்குப் பயமில்லை. லே 3,500 மீட்டர். விமானத்தில் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் அறையில் சும்மா இருங்கள். இருமலோடு மூச்சிரைத்தால் இருமல் மருந்து தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஆக்சிஜன் வாங்குங்கள். இறங்குவதுதான் வைத்தியம் என்று காரை எடுக்காதீர்கள். மணாலிக்கோ ஸ்ரீநகருக்கோ சாலையில் இறங்க, முதலில் 4,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும்.