குடல் ஆபரேஷன்: வீட்டுக்கு வந்த பிறகு

குடலில் ஆபரேஷன் முடிந்து ஒருவர் வீடு வந்து சேர்ந்ததும் நம் குடும்பங்களில் இரண்டு காரியங்கள் உடனே நடக்கும். கட்டிலில் படுக்க வைத்துத் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க விடமாட்டார்கள். பத்தியம் என்று சொல்லி மூன்று வேளையும் வெறும் அரிசிக் கஞ்சியே கொடுப்பார்கள். இரண்டும் அன்பினால் செய்கிற காரியங்கள்தாம். ஆனாலும் குடல் தேறி வருவதை இரண்டுமே தாமதப்படுத்தும்.

ஒரு காலத்தில் டாக்டர்களே இப்படித்தான் சொல்லி வந்தார்கள். காற்றுப் பிரியும் வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, பத்து நாள் படுக்கை என்பதே வழக்கம். 1990-களில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் கெஹ்லெட் என்ற சர்ஜன் இந்த வழக்கத்தையே கேள்வி கேட்டார். வலியை நன்றாகக் கட்டுப்படுத்தி, சீக்கிரமே உணவு கொடுத்து, நோயாளியை எழுப்பி நடக்கவும் வைத்தார். அப்படிச் செய்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். இன்று நம் நாட்டின் பெரிய ஆஸ்பத்திரிகள் பலவும் இந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன. சிக்கல் இல்லாத பெருங்குடல் ஆபரேஷன் என்றால் ஒரு வாரத்துக்குள்ளாகவே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் முன்பு நர்ஸ் பார்த்துக்கொண்ட இரண்டாவது வாரம் இப்போது வீட்டின் தலையில் விழுகிறது. கணவனும் மனைவியும் மட்டுமே இருக்கிற மும்பை ஃப்ளாட்டில், ஊரிலிருந்து அம்மாவோ அக்காவோ வந்து சேரும்வரை எல்லாவற்றையும் ஒருவரே பார்க்கவேண்டும். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

கையால் தொட்டு, வெட்டி, தைத்த குடல் சில நாள் அசையாமல் கிடக்கும். சிறுகுடல் ஏறக்குறைய ஒரு நாளிலும், இரைப்பை ஓரிரு நாளிலும் விழித்துக்கொள்ளும். பெருங்குடலுக்கு மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். 'காற்றுப் பிரிந்ததா?' என்று டாக்டர் தினமும் கேட்பது இதனால்தான். வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்களுக்குக் குடல் தன் இஷ்டப்படிதான் நடக்கும். வயிற்றுச் சுவரின் தசை பழைய பலத்தில் பெரும்பங்கைத் திரும்பப் பெற ஆறு வாரமாவது ஆகும். அதுவரை நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்பது பொதுவான விதி. காலையில் தண்ணீர் வரும் நேரத்தில் நிரப்புகிற பக்கெட்டே பதினைந்து கிலோ இருக்கும். காஸ் சிலிண்டரில் காஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பது கிலோவை நெருங்கும். பேரக்குழந்தையும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். உட்கார்ந்த பிறகு மடியில் வாங்கிக்கொள்ளலாம். லேப்ராஸ்கோப்பி என்ற துளை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இதில் ஏமாந்துவிடுகிறார்கள். வெளியே காயம் சிறியதுதான். உள்ளே வெட்டித் தைத்தது அதே குடல்தான்.

தூக்கக்கூடாதே தவிர நடக்கவேண்டும். முதல் நாள் படுக்கையறையிலிருந்து பால்கனி வரை, ஐந்து நிமிஷம், நாலைந்து தடவை. பிறகு மாடி வராந்தா, அப்புறம் கீழே காம்பவுண்டு. லிஃப்ட் இல்லாத கட்டடம் என்றால் நின்று நின்று ஏறலாம். ஒரே நாளில் பல தடவை வேண்டாம். நடந்தால் குடலும் அசையும், நுரையீரலில் சளி கட்டாது, கால் நரம்பில் ரத்தம் உறையாது. ரத்தம் உறைவது சின்ன விஷயமில்லை. காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. புற்றுநோய்க்காக ஆபரேஷன் ஆனவர்களுக்கு இதைத் தடுக்க நாலு வாரம் வரைகூட வயிற்றுத் தோலில் ஊசி போடச் சொல்வதுண்டு. நன்றாகத்தான் இருக்கிறாரே என்று அதைப் பாதியில் நிறுத்தவேண்டாம். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை ஆஸ்பத்திரியில் கொடுத்திருப்பார்கள். பெரும்பாலும் அது வீட்டுக்கு வந்ததும் குழந்தைகளின் விளையாட்டுச் சாமானாகிவிடும். அதைத் திரும்ப வாங்கிக் கொடுங்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமவேண்டும். கட்டிலிலிருந்து நேராக எழாமல் ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழவேண்டும்.

சாப்பாடு விஷயத்தில் நம் சமையல் மோசமில்லை. முதல் நாலு முதல் ஆறு வாரத்துக்குத் தேவையானது சக்கை குறைந்த உணவு. இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், மோர், தயிர், காரம் குறைத்த ரசம் எல்லாம் அதற்குப் பொருந்தும். ரசத்தில் பெருங்காயம் போடுவதில் தப்பில்லை. தோல் சீவிய சுரைக்காய், பீர்க்கங்காய், பூசணி, காரட், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம். வெறும் கஞ்சியில் என்ன குறை என்றால் புரதம் இல்லை. புரதம் இல்லாமல் காயம் ஆறாது. அதனால் நன்றாக மசித்த பாசிப்பருப்பு, தயிர், முட்டை, இங்கே பாப்லெட் என்று விற்கிற வாவல் மீன் இவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். மூன்று பெரிய சாப்பாட்டுக்குப் பதில் ஆறு சின்னச் சாப்பாடு. பக்கத்து வீட்டு மராட்டிக்காரர் பாசிப்பருப்புக் கிச்சடி கொண்டுவந்து கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். தவிடு நீக்காத சக்கி ஆட்டா சப்பாத்தி பிறகு வரட்டும். இந்தச் சில வாரங்களில் மட்டும் வெள்ளைப் பாவ் அதைவிட மேல், வடா இல்லாமல்.

ஒதுக்கவேண்டியவை என்று பார்த்தால் வாழைத்தண்டுதான் முதலில். குடலைச் சுத்தம் செய்யும் என்று யாராவது ஆசையோடு வாங்கி வருவார்கள். அந்த நார் தைத்த இடத்தருகே சிக்கி அடைத்துக்கொள்ளலாம். வாழைப்பூ, முருங்கைக்காய், கொத்தவரங்காய், கீரைத்தண்டு, முழுப் பயறு, சோளம், கொட்டை வகைகள், தேங்காய்ப் பத்தை, பச்சைக் காய்கறி எல்லாம் சில வாரம் காத்திருக்கட்டும். டாக்டர் சரி என்றபின் இரண்டு மூன்று நாளுக்கு ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாதது எது என்று அப்போதுதான் தெரியும். மலம் வரவில்லை என்று விளக்கெண்ணெய் கொடுப்பதும் எனிமா வைப்பதும் டாக்டரைக் கேட்காமல் கூடவே கூடாது. இஸப்கோலும் போதிய தண்ணீர் இல்லாமல் சாப்பிட்டால் அடைத்துக்கொள்ளும். வலிக்குக் கொடுக்கிற ட்ரமடால் போன்ற மாத்திரைகளே மலச்சிக்கல் உண்டாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மலம் கழிவதைப் பற்றி வெளிப்படையாகப் பேச நமக்குக் கூச்சம். ஆனால் ஆபரேஷன் ஆனவருடைய மனதில் ஓடுவது பாதி நேரம் அதுதான். பெருங்குடலின் வலது பாகத்தை எடுத்தவர்களுக்குச் சில மாதம் இளக்கமாகப் போகலாம். ஆசனவாய்க்கு மேலே உள்ள மலக்குடலை எடுத்தவர்களுக்கு மலத்தைத் தேக்கி வைக்கிற இடமே போய்விட்டது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவைகூடப் போகும், அதுவும் அவசரமாக. மாதங்கள் செல்லச் செல்ல இது பெருமளவு குறையும். சிலருக்கு ஓரிரு வருஷம்கூட ஆகும். ஒரே கக்கூஸ் உள்ள வீட்டில் காலை ஏழு மணிக்கு இது என்ன பாடு படுத்தும் என்று சொல்லவேண்டியதில்லை. வராந்தாக் கோடியில் பொதுக் கக்கூஸ் உள்ள சால்களில் இன்னும் கஷ்டம். உட்காருகிற கமோடு நாற்காலி ஒன்றை வாடகைக்கோ விலைக்கோ வாங்கி வீட்டுக்குள் ஒரு மூலையில் திரை கட்டி வைத்துவிடுங்கள். செலவைவிட அதில் கிடைக்கிற நிம்மதி பெரிது. ஆசனவாய்த் தோல் எரிந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் உட்காரலாம்.

சிறுகுடலின் கடைசிப் பகுதியை எடுத்தவர்களுக்கு பி12 வைட்டமின் உடம்பில் சேராமல் போகக்கூடும். சேமிப்பு இருப்பதால் குறை உடனே தெரியாது. பல மாதம், சில சமயம் வருஷங்கள் கழித்துக் கால் மரத்துப்போவதாகவும் ரத்தசோகையாகவும் வரும். சைவச் சாப்பாட்டுக் குடும்பங்களில் முன்பே பி12 குறைவாக இருப்பதுண்டு. ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். நம் நாட்டில் அந்தப் பகுதியில் ஆபரேஷன் செய்ய ஒரு முக்கியக் காரணம் குடல் காசநோய். கத்தி வைத்து எடுத்தாயிற்றே என்று காசநோய் மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது. குறைந்தது ஆறு மாதம் முழுவதும் சாப்பிடவேண்டும்.

இனி, பலரும் வாய்விட்டுப் பேசாத ஸ்டோமா. தைத்த இடம் ஆறுவதற்காகச் சில மாதமோ, சிலருக்கு நிரந்தரமாகவோ, குடலின் ஒரு முனையை வயிற்றில் திறந்து பை ஒட்டுவார்கள். ஸ்டோமா உதட்டின் உட்புறம்போலச் சிவப்பாக, ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது, துடைக்கும்போது சொட்டு ரத்தம் வந்தால் பயப்படவேண்டாம். நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் மட்டும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பையில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள், கனத்தால் பிய்த்துக்கொள்ளும். சுற்றியுள்ள தோலைச் சாதாரணத் தண்ணீரால் கழுவி ஒற்றி எடுத்தால் போதும். டெட்டால், எண்ணெய், முகப் பவுடர் எதுவும் வேண்டாம், பை ஒட்டாது. ஒட்டுகிற தட்டின் துளை ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் பெரியதாக இருக்கவேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் வீக்கம் வடிந்து ஸ்டோமா சுருங்கும். அப்போது பழைய அளவிலேயே வெட்டினால் வெளியே தெரிகிற தோல் புண்ணாகிவிடும். முதல் இரண்டு மாதம் வாரம் ஒரு முறை அளந்து பாருங்கள்.

ஆபரேஷன் இன்னும் நடக்கவில்லை என்றால், ஸ்டோமாவுக்கு இடம் குறிக்கும்போது புடவை கட்டுகிறவர் பாவாடை நாடா கட்டும் இடத்தையும், வேஷ்டி கட்டுகிறவர் மடித்துச் செருகும் இடத்தையும் காட்டிவிடவேண்டும். நின்றும் உட்கார்ந்தும் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். இந்த ஐந்து நிமிஷ வேலையைப் பொறுத்தே பின்னால் ஆடை கட்டுவது சுலபமா தொல்லையா என்பது அமையும். மும்பையில் இருக்கும் ஆஸ்டமி அசோசியேஷன் ஆஃப் இந்தியா, பையோடு வாழ்கிறவர்களுக்காகவே நடக்கிற சங்கம்.

பை உள்ளவர் பூஜை அறைக்கு வரலாமா, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடலாமா என்ற பேச்சு சில வீடுகளில் மெல்லிய குரலில் நடக்கிறது. மல வாடை வருகிறது என்றால் பை சரியாக ஒட்டவில்லை என்று பொருள், அவ்வளவுதான். சரியாக ஒட்டிய பையிலிருந்து வாடை வராது. நம் எல்லோர் வயிற்றுக்குள்ளும் இருப்பதுதான் அவர் வயிற்றுக்கு வெளியே ஒரு பையில் இருக்கிறது. இதற்காக ஒரு மனிதரைத் தனித்தட்டில் ஒதுக்குவது எந்த ஆசாரத்திலும் சேர்த்தியில்லை என்பது என் கருத்து.

சிறுகுடலில் ஸ்டோமா வைத்தவர்கள் கவனிக்கவேண்டியது தண்ணீர். பெருங்குடல் உறிஞ்சவேண்டிய நீரும் உப்பும் பையில் போய்விடுகின்றன. பழைய அளவு ஜாடி ஒன்றைத் தனியாக வைத்துத் தினமும் அளந்து எழுதுங்கள். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால், தலை சுற்றினால், சிறுநீர் குறைந்து மஞ்சளானால் டாக்டரிடம் சொல்லவேண்டும். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் உப்பு இன்னும் வெளியேறும். கோலாவும் சர்க்கரை ஜூஸும் அதைவிட மோசம். ஓ.ஆர்.எஸ். தூள்தான் சரி. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலராவில் கிடந்தவர்களுக்கு டாக்டர் திலீப் மஹலநாபிஸ் கொடுத்த உப்பு, சர்க்கரைக் கரைசலின் வழியில் வந்ததுதான் இது. ஒரு லிட்டருக்கான பொட்டலமா 200 மில்லிக்கானதா என்று படித்துக் கரையுங்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரையோ, சர்க்கரைக்கு மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் பழைய அளவே தொடரலாமா என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அடையாளங்களை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல். குறைந்துகொண்டு வந்த வயிற்றுவலி திரும்பக் கூடுவது. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமல் இருப்பது. காயத்தில் சீழ். மலத்தில் நிறைய ரத்தம். ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சுத் திணறல். குடலைத் தைத்த இடம் கசியுமானால் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தெரியும். அப்போது 'காலையில் பார்க்கலாம்' என்று இரவைக் கடத்துவது ஆபத்து. நமக்கு இந்தியோ மராட்டியோ சரளமாக வராவிட்டால், எந்த ஆபரேஷன், எந்தத் தேதி, என்னென்ன மருந்து என்று டிஸ்சார்ஜ் தாளின் நகல் ஒன்றைப் பர்ஸிலேயே வைத்துக்கொள்ளலாம். நடு இரவில் எமர்ஜென்ஸியில் இருக்கிற டாக்டருக்கு அது போதும்.

ஊருக்கு அழைத்துப் போய்த் தேற்றலாமே என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். மும்பையிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் போக ரயிலில் ஒரு நாளுக்கும் மேல் ஆகிறது. அத்தனை நேரம் காலை மடக்கி உட்காருவது ரத்தம் உறைய வழி செய்யும். நடுவழியில் வயிறு உப்பினால் சர்ஜனைத் தேட முடியாது. முதல் மறுபரிசோதனை முடிந்து, டாக்டர் சம்மதித்த பிறகு கிளம்பலாம். கழிவறைக்குப் பக்கத்திலேயே கீழ் பெர்த்துக்கு முயற்சி செய்யுங்கள். மணிக்கொரு தரம் பெட்டிக்குள் நடக்கச் சொல்லுங்கள். மாற்றுப் பைகளையும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களையும் சூட்கேஸில் பூட்டாமல் கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் இறங்கியதும் வாழைத்தண்டுக் கூட்டு காத்திருக்கும். கிளம்புவதற்கு முன்பே போன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.