ஹோம்ஸ் பிழைத்தது எப்படி?

லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் மொட்டை மாடி. அங்கிருந்து குதிக்கிறார் துப்பறியும் நிபுணர் ஷெர்லக் ஹோம்ஸ். நண்பர் டாக்டர் வாட்சன் கீழே நின்று துடிக்கிறார்.

பிறகு கல்லறை. வாட்சன் கலங்கி நிற்கிறார். தூரத்தில் உயிரோடு நின்று பார்க்கிறார் ஹோம்ஸ்!

2012 ஜனவரியில் பி.பி.சி. டெலிவிஷனில் வந்த காட்சி இது. ஹோம்ஸ் தப்பியது எப்படி? மறு கதை 2014 ஜனவரி 1-ந் தேதிதான் வந்தது.

அதுவரை ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? தாங்களே பேனாவைப் பிடித்தார்கள். அவர் குதிக்காமலே இருந்திருந்தால்? இருவரும் வேறு காலத்தில், வேறு தொழிலில் சந்தித்திருந்தால்? கதைகள் குவிந்தன. தொடரை எடுத்தவர்களும் ரசிகர்களின் யூகங்களை அந்த மறு கதையில் காட்சியாக்கினார்கள்!

இந்தப் பிடிவாதம் பழையது. 1893-ல் கானன் டாயில் ஹோம்ஸை ஸ்விட்சர்லாந்து அருவியில் சாகடித்தார். வாசகர்கள் சீறினார்கள். 1903-ல் ஹோம்ஸ் பிழைத்து வந்தார்.

உண்மையில் அந்த டெலிவிஷன் தொடரே ஒரு மாற்றுக் கதைதான். 'ஹோம்ஸ் இன்று வாழ்ந்தால்?' என்பதே அதன் கரு. 2016 ஜனவரி 1-ந் தேதி அவரை மறுபடி குதிரை வண்டிக் காலத்துக்கே அனுப்பினார்கள்.

காலம் மாறலாம், உடை மாறலாம். கூரிய கண்ணும் வாட்சனின் நட்பும் மாறினால்? அவர் ஹோம்ஸ் அல்ல, வேறு யாரோ!

உங்கள் அபிமான துப்பறியும் நிபுணரையும் இப்படி வேறு உலகில் நிறுத்திப் பாருங்கள். எது மாறாமல் நிற்கிறதோ, அதற்காகத்தான் அவரை விரும்புகிறீர்கள்!