வானொலி ஏற்பிக்கு ஒரு விரியலாக்கி

வானொலி ஆர்வலர் தாமே அமைக்கும் ஏற்பியில் வெளிப்படும் ஒலிச்சைகை பெரும்பாலும் சில மில்லிவோற்றளவே. எல்எம் 386 என்னும் ஒருங்கிணைந்த சுற்றின் இயல்பான வோற்றளவு நயம் 20. அதன் 1ஆம், 8ஆம் முனைகளுக்கிடையே 10 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவியை இணைப்பின் நயம் 200 ஆகும். 2 மில்லிவோற்றுச் சைகை 0.4 வோற்றாகி, 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 20 மில்லிவாற்று வழங்கும். அமைதியான அறைக்கு இது போதும்.

எனினும் பலரது முயற்சி ஊளையொலியில் முடிகின்றது. உறுப்பே பழுதென எண்ணிக் கைவிடுகின்றனர். ஒலிபெருக்கியின் மின்னோட்டமும் பெய்ப்புச் சைகையும் ஒரே புவிக்கம்பியைப் பகிர்ந்தால், அக்கம்பியின் சிறுதடையில் தோன்றும் வோற்றளவு பெய்ப்பை அடைகின்றது. பயப்பில் இருநூற்றிலொரு பங்கு ஒத்த அவத்தையில் திரும்பினாலே அலைவு தொடங்கும். ஆகவே, புவித்தொடுப்புகள் யாவும் மின்வழங்கியருகே ஒரே புள்ளியிற் சந்தித்தல் வேண்டும். வரைபடத்தில் வெறுங் கோடாகத் தோன்றும் கம்பியும் தடையுடைய உறுப்பே என்பதைச் செய்து பார்ப்போரே உணர்வர்.